வெள்ளை என்று எழுதிய கிழங்கு

அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை
தோட்டங்களுக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்.
அதற்கு முன் ஒரு மணி நேரம்
குழாயடியில்
இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு
மேசை என்று சொல்லிக்கொள்கிறோம்.
தார்த்து நகரத்தின் ஓரத்தில்
பதினேழு தோட்டம், பதினாறு குடும்பம்.
ஊர்மஸுக்கு மட்டும் இரண்டு.
ஏனென்றால், ஒன்று பூண்டுக்காம்.

கெர்ஸ்டி செல்போனை நீட்டுகிறாள்.
விடியலில் எமாயோகி ஆறு,
ஆற்றை மூடிய மூட்டம்,
மூட்டத்துக்கு மேலே பிர்ச் மரங்களின் தலை மட்டும்
மஞ்சளாக, உடலைத் தேடுவதுபோல.
"நிறம் எதுவும் கூட்டவில்லை" என்கிறாள்
யாரும் கேட்காமலே.

வால்டெக் கொண்டுவந்திருப்பது அடுத்த வருடம்.
மின்கட்டண ரசீதின் முதுகில்
பென்சிலால் கட்டம் கட்டமாய்:
பீட்ரூட், அவரை, எலிகளுக்கு விட்ட கேரட்,
தெற்கு வேலியோரம் 'ரோஜா?'
அந்தக் கேள்விக்குறிக்கு இது நான்காவது வருடம்.
உரம் போடாமலே நன்றாக வளர்ந்திருக்கிறது.

தலைக்கு மேலே நாரைக்கூட்டம் தெற்கே போனது.
தூது சொல்லி அனுப்ப எங்களுக்கு அங்கே யாருமில்லை.
கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு
ஆப்பிள் கேக்குக்குத் திரும்பினோம்.

அப்போதுதான் லெய்டா கேட்டாள்:
"என் வெள்ளை டேலியா எப்படி?"

போன வருடம் இதே மேசையில்
சர்க்கரைப் பையில் போட்டுக் கொடுத்த கிழங்கு.
பையின்மேல் அவள் கையெழுத்து:
வெள்ளை. உயரம். கம்பு தேவை.
நான் ஏழாம் எண் பேருந்து ஓட்டுகிறவன்,
திட்டம் போட்டால் நிமிடக் கணக்கில் போடுவேன்.
வெள்ளையைச் சுற்றி நீல சால்வியா,
அதைச் சுற்றிச் சாம்பல் இலைச் செடிகள்,
மாலை வெளிச்சத்தில் சத்தமே இல்லாத ஒரு பாத்தி.
ஆகஸ்டில் பூத்தது:
பீட்ரூட் வெந்த தண்ணீரின் சிவப்பு.
மௌன அஞ்சலியில் யாரோ
டிரம்பெட் ஊதியதுபோல் இருந்தது.

"அருமை" என்றேன். "பால்போல வெள்ளை."
மேசைமேல் முழுப் பூசணிக்காய் இருந்தது.
மறைக்கத்தான் சோறு இல்லை.

"வா, பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டாள்.

நல்லவேளை, புதன் இரவு உறைபனி.
மைனஸ் நான்கு.
நேற்றுவரை ஆளுயரம் நின்றதெல்லாம்
வேகவைத்த கீரையாய்க் கறுத்துத் தொங்கியது.
பனி பட்ட பிறகு எந்த டேலியாவுக்கும்
கடந்தகாலம் இல்லை என்று நம்பினேன்.
லெய்டா குனிந்து, இலைகளை விலக்கி,
நான் கவிழ்த்துவைத்து மறந்த வாளியைத் தூக்கினாள்.
அதன் கதகதப்பில் ஒரே ஒரு மொட்டு,
பாதி திறந்து,
சிவப்பாக.

பார்த்தாள். நானும் பார்த்தேன்.
யாருடைய தோட்டத்திலோ இலை எரியும் வாசனை.

"எனக்கும் இதுதான் பூக்கிறது" என்றாள்,
"மூன்று வருடமாய்.
வெள்ளை நிலவறையில் அழுகிவிட்டதோ
எலி தின்றதோ தெரியவில்லை.
யாருக்காவது வெள்ளையாய்ப் பூத்துத் தொலையாதா என்றுதான்
வெள்ளை என்றே எழுதிக் கொடுக்கிறேன்.
நீ அருமை என்றதும்
ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பிவிட்டேன்."

நான் மண்கவையை எடுத்துவந்தேன்.
கிழங்கைத் தோண்டி எடுத்து,
கண் இருக்கும் இடம் பார்த்து
அவளே வெட்டினாள்: நான்கு துண்டு.
அதே சர்க்கரைப் பைகள். அதே பென்சில்.
உயரம், என்று எழுதினேன். கம்பு தேவை.

திரும்பி வந்தபோது ஊர்மஸ் குழாயை மூடிக்கொண்டிருந்தார்.
குழாய் இரண்டு முறை இருமி அடங்கியது.

வால்டெக் ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நிறம்?"
லெய்டாவும் நானும்
ரோவன் மரத்தின் பழங்களை எண்ணுவதுபோல் நின்றோம்.

அவர் ரசீதை விரித்தார்.
ரோஜாவை அடித்தார்.
கேள்விக்குறியை அப்படியே விட்டுவைத்தார்.